மன்னார்குடி தனசேகர்

வேணாம் தம்பி, நானே வச்சுக்கிறேன். கையெல்லாம் வலிக்கல. நீங்க நல்ல மனசோடதான் கேட்டிருப்பீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ஜன்னல மட்டும் கொஞ்சம் சாத்துங்க, காத்து பிள்ளை மூஞ்சில அடிக்குது. ம், போதும். துறையூருக்கா போறீங்க? நாங்களும் அந்தப் பக்கந்தான். எந்த ஊருன்னா... அந்தப் பக்கந்தான்னு வச்சுக்கங்களேன்.

பிள்ளை என்னுது இல்ல, தங்கச்சி பிள்ளை. நான் தாய்மாமன். நீங்க கேக்கல. ஆனா சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுலேருந்து என்னையும் பிள்ளையையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு வர்றீங்க, அதான் சொன்னேன். உங்களச் சொல்லிக் குத்தமில்ல. நேத்துலேருந்து எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க. பய கொழுகொழுன்னு இருக்கான்ல, கண்ணு படத்தான் செய்யும். கன்னத்துல பாருங்க, எத்தத்தண்டி பொட்டு. எங்க தங்கச்சி வச்சு விட்டது. இன்னும் அழியல.

நான் கவர்மெண்ட் பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டர். எவன் டிக்கெட் எடுத்திருக்கான், எவன் தூங்குற மாதிரி நடிக்கிறான்னு பஸ்ஸுல கால வைக்கும்போதே சொல்லிருவேன். அதனால என்னைய சந்தேகப் பிராணின்னு பேசுவானுங்க. என் பொண்டாட்டியே சொல்லுவா. சந்தேகம் வேற தம்பி, ஜாக்கிரதை வேற. நான் ஜாக்கிரதையான ஆளு, அவ்வளவுதான். இப்பக்கூட பாருங்க, இந்தக் கண்டக்டர்ட்ட நான் யாருன்னு சொல்லல. காசு குடுத்து டிக்கெட் வாங்கிட்டேன். சும்மா வந்தா நாளைக்கு எங்கயாவது வச்சு சொல்லிக் காட்டுவான்.

கல்ஃபுலேருந்து வர்றோம். எந்த ஊருன்னு கேக்காதீங்க, கல்ஃபு. தங்கச்சி அங்க ஆஸ்பத்திரியில நர்ஸு, மாப்ள ஒரு கம்பெனியில வண்டி ஓட்டுறாரு. கல்யாணமாகி பதினோரு வருஷம் கழிச்சுப் பொறந்தவன் தம்பி இவன். ஏறாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. இவனப் பெத்தப்ப போன்ல அவ அழுத அழுகை எங்க தெருவுக்கே கேட்டுச்சு. இப்ப லீவு முடிஞ்சு போச்சு. வேலையில சேரலன்னா காண்ட்ராக்ட் போயிரும், போட்ட காசு போயிரும். அதனால காண்ட்ராக்ட் முடியிற வரைக்கும் பிள்ளை எங்க வீட்ல வளரட்டும்னு முடிவாச்சு. எங்களுக்கும் பிள்ளை இல்ல. சரின்னுட்டோம்.

மாப்ள என்ன சொன்னாருன்னா, பிரெண்டு குடும்பம் ஒண்ணு ஊருக்கு வருது, அவங்க கூட குடுத்து விடுறேன் மச்சான்னாரு. குடுத்து விடுறதுக்கு பிள்ளை என்ன பார்சலா? யாரு எவருன்னு தெரியாம எப்படிக் குடுக்குறதுன்னு கேட்டேன். பொண்டாட்டி பிளேன்ல ஏற மாட்டேன்னுட்டா, பிரஷரு. அப்ப நானே வர்றேன்னு சொல்லிக் கிளம்பிட்டேன். முதல் தடவை பிளேன் ஏறுறேன். போகும்போது தனியா, வரும்போது இவனோட.

கிளம்புறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே தங்கச்சி பால் எடுத்து வைக்க ஆரம்பிச்சுட்டா. அதுக்கு ஒரு மிஷின் இருக்கு... உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஆகலையா. சரி, ஒரு மிஷின்னு வச்சுக்கங்க. ரூமுக்குள்ள அது கர்ரு கர்ருன்னு ஓடும், நான் ஹால்ல டிவி சவுண்ட கூட்டி வச்சுட்டு உக்காந்திருப்பேன். வெளிய வரும்போது கண்ணு செவந்திருக்கும். கையில பாட்டில். "அண்ணே, பிளேன் ஏத்தும்போது ஒண்ணு குடுத்திருண்ணே, இல்லன்னா காது அடைச்சு அழுவான். நடுவுல ஒண்ணு. எறங்கும்போது ஒண்ணு. ஒண்ணு கூடுதலா இருக்கட்டும்"னு சொல்லிச் சொல்லி ஐஸ் வச்ச பைக்குள்ள அடுக்குனா. இவ்வளவு நாள் எடுத்தூட்டுன பாலு, இதோட கடைசி. அவ சொல்லல, ஆனா மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியாதா?

பவுடர் டின்னு ஒண்ணும் வாங்கிக் குடுத்தாரு மாப்ள. கையிலயே வச்சுக்கங்க, அவசரத்துக்கு ஆகும்னாரு. நான் யோசிச்சேன். வெள்ளையா பவுடரு. அரபு நாட்டு ஏர்போர்ட்டு. ஒரு ஆம்பளை கையில. என்னன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? என்னமோ கடத்துறேன்னு பிடிச்சு உள்ள போட்டா யாரு வந்து கேப்பா? பேசாம அவருக்குத் தெரியாம பெரிய பெட்டிக்குள்ள, துணிக்கு நடுவுல வச்சுப் பூட்டிட்டேன். இது சந்தேகமா தம்பி? நீங்களே சொல்லுங்க.

சரி, ஏர்போர்ட்டுக்கு வந்தாச்சு. பெட்டியப் போட்டாச்சு. செக்கிங். பெல்ட்டக் கழட்டுன்னான், கழட்டினேன். செருப்பக் கழட்டுன்னான், கழட்டினேன். ஒரு கையில பிள்ளை, ஒரு கையில அவுந்து விழுற பேண்ட்டு. என் சர்வீஸ்ல எத்தனையோ பேர எறக்கி வச்சு செக் பண்ணியிருக்கேன், ஒருத்தனையும் இப்படி நிக்க வச்சதில்ல. அந்த ஆபீசரு ஐஸ் பையத் தெறந்தான். ஒரு பாட்டில எடுத்தான். ஆட்டிப் பாத்தான். என்கிட்ட நீட்டி "டிரிங்க்"ன்னான்.

"பேபி மில்க்"னேன். எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷு வரும்.

"யெஸ். யூ டிரிங்க்"கிறான்.

எனக்கு ஒண்ணும் புரியல. பின்னாடி நின்ன மலையாளத்து ஆளு ஒருத்தரு, "ஒரு வாய் குடிச்சுக் காட்டணும் சேட்டா, வேற ஒண்ணுமில்ல, அதுக்குள்ள பால்தானான்னு தெரியணும்ல"ன்னாரு.

தம்பி, பசும்பாலா இருந்தா நான் ஒரு பாட்டில மொத்தமாவே குடிச்சுக் காட்டியிருப்பேன். எங்க தங்கச்சி பால். கூடப்பொறந்தவ பால அண்ணன்காரன் வாயில வைக்கிறதா? எந்த ஊரு நியாயம் அது? அத அவன்கிட்ட நான் எப்படிச் சொல்ல? பசும்பாலு இல்ல, தாய்ப்பாலுன்னு சொன்னா அம்மா எங்கம்பான். அம்மா என் தங்கச்சின்னா சிரிப்பான். இல்ல, அவனுக்குத் தெரிஞ்சேதான் கேக்குறான்னு எனக்குப் பட்டுச்சு. அவன் மொகத்துல ஒரு சிரிப்பு இருந்துச்சு, நான் பாத்தேன். லேசா இருந்துச்சு, ஆனா இருந்துச்சு. ஒரு மனுசன நாலு பேரு முன்னாடி கேவலப்படுத்திப் பாக்கணும்னு அவனுக்கு ஆசை. பின்னாடி கியூவுல ஜனம் நிக்குது, எல்லாரும் என்னையே பாக்குறாங்க.

"நோ டிரிங்க்"னேன். "நோ டிரிங்க், நோ மில்க்"னு அவன் பாட்டில ஓரமா ஒதுக்கி வச்சான். வச்சுக்கடான்னு சொல்லிட்டு வந்துட்டேன். திரும்பிப் பாக்கும்போது ஒவ்வொண்ணா எடுத்துத் தொட்டியில போடுறான். டொக்கு டொக்குன்னு விழுது. எங்க தங்கச்சி கண்ணீர் விட்டு எடுத்து வச்ச பாலு தம்பி அது. ஆனா மானம்னு ஒண்ணு இருக்குல்ல.

நாலு மணி நேரந்தான பிரயாணம், வீட்ல வயிறு முட்டக் குடிச்சுட்டு வந்திருக்கான், பிளேன் ஏறினா தூங்கிருவான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

எங்க தூங்குறது? பிளேன்ல ஒரு பொண்ணு, மதுரைப் பக்கத்துப் பொண்ணு போல, என் பெல்ட்டுலயே இன்னொரு குட்டி பெல்ட்ட மாட்டி பிள்ளைய என்னோட சேத்துக் கட்டுச்சு. இது தாங்குமாம்மான்னு கேட்டேன். தாங்கும் சார்னு சொல்லிட்டு, "நீங்க பேபியோட அப்பாவா சார்?"னுச்சு. "இல்ல, மாமன்." "அம்மா வரலையா சார்?" "வரல." "பாஸ்போர்ட்டும் பெர்மிஷன் பேப்பரும் கொஞ்சம் பாக்கலாமா சார்?" கீழ எல்லா எடத்துலயும் காட்டியாச்சே, இதுக்கு என்ன திரும்பவும்? குடுத்தேன். வாங்கிட்டு முன்னாடி போயி, அங்க ரெண்டு பேரக் கூப்பிட்டு, மூணு தலையும் சேந்து குசுகுசுன்னு பேசுதுக. பேசிட்டு என்னையப் பாக்குதுக. அப்புறம் பிள்ளையப் பாக்குதுக. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. பய மேல கண்ணு வச்சுருச்சுங்க.

பிளேன் மேல ஏறுச்சு பாருங்க, ஆரம்பிச்சான். காது அடைச்சிருக்கும். காதப் பிடிச்சுக்கிட்டு அப்படி ஒரு கத்து. தட்டிப் பாத்தேன், ஆட்டிப் பாத்தேன், சாவிக்கொத்த எடுத்து ஆட்டிக் காமிச்சேன். அந்த பெல்ட்டுப் பொண்ணு வந்து "பால் பாட்டில் இருக்கா சார்?"னுச்சு. "இருந்துச்சு"ன்னேன். "பவுடர்?" "பெட்டியில இருக்கு." "எந்தப் பெட்டி சார்?" கீழ கையக் காமிச்சேன். அது என்னைய ஒரு மாதிரிப் பாத்துச்சு. காப்பிக்கு வச்சிருக்குற பாலக் கொண்டு வரவான்னு கேட்டுச்சு, இல்ல தண்ணியாவது ஸ்பூன்ல குடுக்கலாம்னுச்சு. அவங்க பாலு என்ன பாலோ, தண்ணி எந்தத் தண்ணியோ. வேணாம்மா, தூங்கிருவான்னு சொன்னேன்.

தூங்கல. முதல்ல கோவமா அழுதான். அப்புறம் பூனைக்குட்டி கத்துற மாதிரி. அப்புறம் அழுகையே மாறிப் போச்சு தம்பி. வாய் தெறக்குது, சத்தம் வரல. ஒதடு காஞ்சு போச்சு. என் சட்டைப் பொத்தான வாயில வச்சு சப்புறான், சப்பிப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்புறான். சட்டை பூரா தேடுறான், கடைசியில என் கன்னத்த சப்புறான். சவரம் பண்ணாத கன்னம். நான் பயந்துட்டேன். உண்மையச் சொல்றேன், முப்பது வருஷம் எவனுக்கும் பயந்ததில்ல நான். பதினோரு வருஷம் காத்திருந்தவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? மானத்தக் காப்பாத்துனேன்னா சொல்லுவேன்?

அப்பத்தான் அந்த பெல்ட்டுப் பொண்ணு பின்னாடி சீட்டுலேருந்து ஒரு பொம்பளையக் கூட்டிட்டு வந்து எனக்குப் பக்கத்துல உக்கார வச்சுச்சு. சின்ன வயசு. தலையில முக்காடு. இடுப்புல ஒரு பொம்பளப் பிள்ளை, இவன் ஈடுதான் இருக்கும். ஏன் இவள இங்க கொண்டாந்து உக்கார வைக்கணும்? பிளேன்ல வேற எடமா இல்ல? என்னையக் கண்காணிக்க வச்சிருக்காங்களோன்னு ஒரு நெனப்பு. இல்ல, இவளும் அவங்களும் கூட்டோன்னு இன்னொரு நெனப்பு.

உக்காந்ததும் கேக்குறா, "அண்ணே, நான் பால் குடுக்கவா?"

நான் பிள்ளைய என் பக்கம் இழுத்துக்கிட்டேன். அவளே பேசுறா. "எங்க வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ண்ணே, அது எங்க வழக்கம். இப்ப போன் போட முடியாது. ஆனா பசிச்ச பிள்ளைன்னு சொன்னா குடுன்னுதான் சொல்லுவாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

என்னத்தச் சொல்ல? தெரியாத பொம்பளை. எந்த ஊரு பாலு, என்ன சீக்கு, என்ன சாப்பிட்டாளோ. எதுக்கு இவளுக்கு இந்த அக்கறை? நான் பாத்தவரைக்கும் வலிய வந்து உதவுறவன் எவனும் சும்மா வந்ததில்ல. இதெல்லாம் மனசுக்குள்ள ஓடுது. அதுக்குள்ள இவன் என்ன பண்ணுனான் தெரியுமா? என் மடியிலேருந்து அவ பக்கம் சாஞ்சுட்டான். மோப்பம் பிடிச்ச மாதிரி. ரெண்டு கையையும் நீட்டிட்டான். அப்புறம் நான் எங்க தடுக்க?

அவ துப்பட்டாவ இழுத்து மூடிக்கிட்டா. அவ பிள்ளைய அந்த பெல்ட்டுப் பொண்ணு வாங்கிக்கிச்சு. நான் மூஞ்சியத் திருப்பிக்கணும்ல, திருப்பிக்கிட்டேன். ஆனா தம்பி, அதுல ஒரு சிக்கல். நான் திருப்பிக்கிட்டா பிள்ளைய யாரு பாக்குறது? துணிக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? அதனால நான் ஒரு காரியம் பண்ணேன். மூஞ்சிய அந்தப் பக்கம் வச்சுக்கிட்டு, கைய இந்தப் பக்கம் நீட்டி, துப்பட்டாவுக்கு வெளிய தெரிஞ்ச இவன் கால் கட்டைவிரல ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டேன். பிள்ளைய மாத்திரக்கூடாதுல்ல. சிரிக்காதீங்க. ஆம்பளப் பிள்ளைக்குப் பொம்பளப் பிள்ளைய எப்படி மாத்துவாங்கன்னு கேப்பீங்க. மாத்துறவன் அதெல்லாம் பாத்தா மாத்துவான்?

அந்த விரலு முதல்ல வெறைச்சுக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல தளந்துச்சு. அப்புறம் குடிக்கிற தாளத்துக்கு லேசா ஆடுச்சு. அந்தப் பக்கம் மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அழுதுட்டேன். சத்தம் போடல, கண்ணு மட்டுந்தான். எதித்த சீட்டு ஆளு பாத்துட்டு டிஷ்யூ பேப்பர் நீட்டுனாரு. வேணாம்னுட்டேன், அவரு யாருன்னே தெரியாது.

அந்தச் சமயம் அவ பிள்ளை அழ ஆரம்பிச்சுது. பசி வந்திருச்சு போல. அவ அங்க பாத்து, "இருடா ஹனா, இந்தா வந்துட்டேன், அண்ணன் குடிச்சுக்கட்டும்"ங்கிறா. ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்னு பழமொழி சொல்லலாம். பழமொழியில வளரும். கண்ணு முன்னாடி தன் பிள்ளை அழும்போது எவளாவது அடுத்தவன் பிள்ளைக்குக் குடுப்பாளா? ஏதோ இருக்குன்னு எனக்குத் திரும்பவும் தோணிருச்சு.

தோணுனது சரிதான். குடுத்து முடிச்சு இவன என் தோள்ல போட்டுட்டு, முதல் கேள்வி கேட்டா. "இவன் பேரு என்னண்ணே?"

"எதுக்கும்மா?"ன்னேன்.

"தெரிஞ்சு வச்சுக்கணும்ண்ணே. எந்த ஊரு? அம்மா பேரு, அத்தா பேரு?"

பாத்தீங்களா? பேரு, ஊரு, அம்மா பேரு, அப்பன் பேரு. ஒரு ஆளப் பத்தி இவ்வளவு தெரிஞ்சுதுன்னா என்ன வேணாலும் பண்ணலாம். ஆதார் ஆபீஸ்காரனே இவ்வளவு ஆர்வமா கேக்க மாட்டான். நான் திருப்பிக் கேட்டேன், ஒரு வாய்ப் பாலுக்கு இவ்வளவு வெவரம் எதுக்கும்மான்னு.

"பால் குடுத்தா எங்களுக்குப் பிள்ளைதாண்ணே. இவனும் ஹனாவும் இனிமே ஒரு தாய் பிள்ளைங்க. நாளப்பின்ன இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணப் பேச்சே வரக்கூடாது, எங்க மார்க்கத்துல ஆகாது. அதனால யாருக்குக் குடுத்தோம்னு குடும்பத்துக்கே தெரியணும். நான் எங்க அம்மாகிட்டச் சொல்லணும், இவகிட்டச் சொல்லணும். உனக்கு ஒரு அண்ணன் இருக்கான்னு."

கல்யாணமாம். ஆறு மாசம்கூட ஆகாத பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு. அவங்க எங்க, நாங்க எங்க? எங்க வீட்ல அந்தப் பேச்ச யாரு எடுக்கப் போறா? இல்லாத ஒண்ண வரக்கூடாதுன்னு ஒருத்தி சொன்னா, அதுக்குப் பின்னாடி ஏதோ கணக்கு இருக்குதான? பிள்ளைன்னு உறவு கொண்டாடிக்கிட்டு வந்து நின்னா? என் பிள்ளைன்னு கேட்டா? நான் செக்கிங் இன்ஸ்பெக்டரு தம்பி. அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

"தனசேகர்"னேன்.

அது யாருன்னா, நான் ரெண்டு தடவ ரிப்போர்ட் போட்ட கண்டக்டரு. எங்கேருந்தோ அந்தப் பேரு வாயில வந்துருச்சு. "பழைய பேரா இருக்கேண்ணே, தாத்தா பேரா?"ங்கிறா. ஆமான்னுட்டேன். ஊரு மன்னார்குடின்னேன், அங்க எனக்கு ஈ காக்கா கெடையாது. அம்மா பேரு கலைச்செல்வி, அப்பா பேரு துரைராஜ். எல்லாம் வாய்க்கு வந்தது. ஒரு இடத்துலயும் தடுமாறல நான்.

அவ கண்ண மூடிக்கிட்டு சொல்லிப் பாக்குறா. "தனசேகர். மன்னார்குடி. கலைச்செல்வி, துரைராஜ். தனசேகர். மன்னார்குடி." பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "என்கிட்ட எழுத ஒண்ணுமில்லண்ணே, மனசுல போட்டுக்கிட்டேன், மறக்காது"ன்னா. அப்புறம் அவ பேரு ரஹ்மத் நிஷான்னா. அவ ஊரு, அத்தா பேரு, தெரு, பள்ளிவாசலுக்கு எதித்த வீடுன்னு என்னென்னமோ சொன்னா. நான் காதுல வாங்கல. நான் சொன்னது எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மைதான அவ சொல்றதும் இருக்கும்னு விட்டுட்டேன்.

அப்புறம் செக்கிங்ல நடந்தத எப்படியோ சொல்லிட்டேன் அவகிட்ட. பாட்டில் எங்கன்னு கேட்டா, சொல்ல வேண்டியதாப் போச்சு. தங்கச்சி பாலுன்னு சொல்லல, சும்மா, குடிக்கச் சொன்னான் நான் குடிக்கலன்னு. அவ கேக்குறா, "பிள்ளை வாயில ஒரு சொட்டு விட்டுக் காட்டியிருக்கலாமேண்ணே? எங்கிட்டக் கேட்டப்ப நான் அப்படித்தான் காட்டுனேன் ஒரு தடவ. ஒத்துக்கிட்டாங்க." இப்பச் சொல்றாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் யோசனை சொல்ல ஊர்ல ஆளா இல்ல?

பிளேன் எறங்கும்போது இவன் திரும்ப முனக ஆரம்பிச்சான். காது அடைக்கும்ண்ணே, குடுங்கன்னு அவளே வாங்கிக்கிட்டா. அந்த நேரம் எல்லாரும் உக்காந்து பெல்ட்டு போட்டாச்சு, அவ பிள்ளைய வாங்கிக்க யாருமில்ல. ரெண்டையும் ரெண்டு பக்கமா வச்சுக்கிட்டு ஒரே துப்பட்டாவப் போட்டு மூடுனா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, கைய நீட்டி விரலத் தேடுறேன், நாலு காலு இருக்கு. நாலும் ஒரே மாதிரி. ஓரக்கண்ணால பாத்தேன், ஒரு நிமிஷம் எது நம்ம பய காலுன்னே தெரியல தம்பி. அந்தப் பிள்ளை காலத் தூக்கி இவன் கால் மேல போட்டிருந்துச்சு. சரின்னு கைய எடுத்துட்டேன்.

ஒரு சத்தம் போடல ரெண்டும். திருச்சியில தரைக்கு வந்தாச்சு.

எறங்கினதும் தங்கச்சி வாட்சப்புல போன். "அண்ணே, பால் குடிச்சானா?" குடிச்சாம்மான்னேன். "எறங்கும்போதும் குடிச்சானா? காது அடைக்கலையே?" அடைக்கல, குடிச்சுக்கிட்டேதான் வந்தான்னேன். "பால் மிச்சம் இருக்காண்ணே?"ன்னு கேட்டா. ஒரு சொட்டு மிச்சமில்லம்மான்னேன். "அப்பாடா"ன்னு அழுதா. பாருங்க, நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல.

அதுக்கப்புறம் பெட்டி வர்ற எடத்துல நான் தூணுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். அவ பெட்டிய எடுத்துட்டு அங்கயும் இங்கயும் பாத்தா, அப்புறம் வெளிய போனா. அவ நல்லாப் போகட்டும்னு விட்டுட்டுதான் நான் என் பெட்டிய எடுத்தேன். அவங்க ஆளுங்க வெளிய நிப்பாங்க, எதுக்கு வம்புன்னு. டாக்சிக்காரனுங்க மொச்சுக்கிட்டானுங்க. ஒருத்தனும் வேணாம்னு ஒதுங்கி, இவன தோள்ல சாச்சுக்கிட்டு, பெட்டிய இழுத்துக்கிட்டு வேக வேகமா பஸ் ஸ்டாப்புப் பக்கம் நடந்தேன். திருச்சி ஏர்போர்ட்டு வாசல்ல காலையில என்ன கூட்டங்கிறீங்க. மாலையோட நிக்கிறவன், போர்டு பிடிச்சு நிக்கிறவன், பேரச் சொல்லிக் கத்துறவன். எனக்குப் பின்னாடியே ஒரு பொம்பளை, ஓடி வந்துக்கிட்டே கத்துறா. "தனசேகரு... தம்பி தனசேகரு..."ன்னு. யாரையோ தொலைச்சுட்டா போலன்னு நெனச்சுக்கிட்டேன். "எம்மா, அந்தா போறாங்க பாரு, அந்தாதான்... தனசேகரு..." தொண்டை கிழியுது அவளுக்கு. பெத்த பிள்ளையத் தவற விட்டவ மாதிரி கத்துறா. எவன்டா அந்தத் தனசேகரு, இப்படி ஒருத்தி கூப்பிடுறா, நின்னு என்னன்னு கேட்டா என்னன்னு எனக்கே கோவம் வந்து...

இருங்க.

இல்ல... இருங்க தம்பி.

தனசேகரு.

அவளாத்தான் இருக்கணும். அம்மாகிட்டச் சொல்லணும்னு சொன்னாள்ல. நான் சொன்ன பேரு எனக்கே மறந்து போச்சு தம்பி, சொல்லி அரை நாள்கூட ஆகல. அவளுக்கு மறக்கல.

இப்ப எறங்கித் திரும்பிப் போனா இருப்பாங்களா? எங்க இருக்கப் போறாங்க, வண்டி ஏறியிருப்பாங்க. ஊரு பேரு சொன்னா. பள்ளிவாசலுக்கு எதித்த வீடுன்னு சொன்னது ஞாபகம் இருக்கு. எந்த ஊருப் பள்ளிவாசல்? சொன்னாளே. அவ பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தா, நான்தான்...

அந்தப் பிள்ளை வளந்து பெரிசாகி, எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்னு மன்னார்குடியில போயித் தேடும். தெருத் தெருவாக் கேக்கும்.

இவன் தோள்மேல கெடந்து பின்னாடிதான் பாத்துக்கிட்டு வந்தான் தம்பி. அவ கூப்பிடக் கூப்பிட கையக் கால ஆட்டுறான், கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். பய கூட்டத்த வேடிக்கை பாக்குறான்னு நெனச்சுக்கிட்டு, நான் இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வேகமா நடந்தேன்.